நெல்லையில் குடும்பத்தோடு வாடகைக்கு வருகிறவர்களுக்கு: ஏரியா பார்ப்பதிலிருந்து பால் காய்ச்சுவது வரை

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு இந்த போன்கள் வரத் தொடங்கிவிடும். "மைனி, அவுகளுக்கு திருநெல்வேலிக்கு மாத்தல் ஆயிட்டு. எந்தப் பக்கம் வீடு பாக்கட்டும்?" கல்யாணமாகி இங்கே வந்த 14 வருஷத்தில் நாங்கள் 4 வீடு மாறியிருக்கிறோம். டவுனில் ஒரு வளவு (ஒரே வாசலுக்குள் பல குடித்தனம்), ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு மாடி, தாழையூத்தில் ஒரு தனி வீடு, இப்போது பாளை என்று சொல்லும் பாளையங்கோட்டையில். இந்த நான்கிலும் பட்டதையும், சொந்தக்காரர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்ததில் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். வீட்டுக்குள் இருக்கும் குறையை எப்படியாவது சமாளித்துவிடலாம். தெருவில் இருக்கும் குறையையும் தண்ணீரில் இருக்கும் குறையையும் வாடகைக்கு இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் இடம், அப்புறம்தான் வீடு.

1. உங்கள் வீட்டு நாளை ஒரு தாளில் எழுதுங்கள்

யார் எத்தனை மணிக்கு எங்கே கிளம்புகிறார், எப்படிப் போகிறார், எப்போது திரும்புகிறார் என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் சம்பாதிக்கிறவரின் ஆபீஸுக்குப் பக்கமாகத்தான் வீடு தேடுவார்கள். நாங்களும் அப்படித்தான் தாழையூத்துக்குப் போனோம். என் கணவருக்கு கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை; தாழையூத்திலிருந்து அவருக்குச் சௌகரியம். ஆனால் எனக்கு வேலை பாளை முருகன்குறிச்சிப் பக்கம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாளையில், அத்தைக்கு மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரை வாங்க பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி. ஒருவருடைய பயணம் குறைந்தது, நான்கு பேருடைய பயணம் கூடியது. சின்னவள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போதே தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரு வருஷம்தான் தாங்கினோம்.

வீட்டில் யாருக்கு அலைய முடியாதோ, அவர் போக வேண்டிய இடங்களுக்குப் பக்கத்தில் வீடு இருக்கட்டும். பைக்கிலோ கம்பெனி வேனிலோ போகிறவர் கொஞ்சம் கூடுதல் தூரம் போய்க்கொள்ளலாம். கம்பெனி வேன் எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று வேலையில் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

பஸ்ஸையும் அதே தாளில் எழுதுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. டவுன் பஸ் ஓடும் ரோட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் வீடு இருந்தால், அம்மாவும் கல்லூரிக்குப் போகிற மகளும் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு மாதாமாதம் மிச்சம். ஒதுக்குப்புறமான நகரில் வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்று போனவர்கள், அந்த ஆயிரத்தையும் அதற்கு மேலேயும் ஆட்டோவுக்குக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2. ஊரின் அமைப்பு

வெளியூர்க்காரர்களுக்குத் திருநெல்வேலி என்றால் ஒரே ஊர். இங்கே இருப்பவர்களுக்கு டவுன், ஜங்ஷன், பாளை, மேலப்பாளையம், பேட்டை, தச்சநல்லூர் எல்லாம் தனித்தனி ஊர். நடுவில் தாமிரபரணி. ஆற்றுக்கு மேற்கே டவுனும் ஜங்ஷனும், கிழக்கே பாளை. 1843-ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலம்தான் இரண்டையும் முதலில் இணைத்தது, இன்றைக்கும் காலை நேர நெரிசலில் பாதி அங்கேதான். வீடு ஒரு கரையிலும் பள்ளி மறு கரையிலும் இருந்தால் நீங்கள் தினமும் இரண்டு தடவை ஆற்றைத் தாண்டுகிறீர்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, முடிந்தவரை ஒரே கரையில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பாளைப் பக்கம் பெருமாள்புரம், தியாகராஜ நகர், மகாராஜ நகர், சாந்தி நகர், என்.ஜி.ஓ. காலனி இவையெல்லாம் சம்பளக்காரக் குடும்பங்கள் காலம் காலமாகக் குடியிருக்கும் பகுதிகள். பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள் எல்லாம் பாளையில் நெருங்கிக் கிடக்கின்றன. அதற்குத்தான் அங்கே வாடகையும் கூடுதல். மகாராஜ நகரில் உழவர் சந்தை இருக்கிறது. காலையில் போனால் பனி ஈரம் காயாத கீரை கிடைக்கும், ஒரு வாரக் காய்கறி ஒரே பையில் வந்துவிடும். குடும்பம் நடத்துகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

தூத்துக்குடி ரோட்டில் கே.டி.சி. நகர், நாகர்கோவில் பக்கம் ரெட்டியார்பட்டி, இரண்டும் புதிதாக விரிந்துகொண்டே போகிற இடங்கள். வீடுகள் புதுசாக இருக்கும், வண்டி நிறுத்த இடம் இருக்கும், காற்று வரும். ஆனால் பிரதான ரோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, இடையில் காலி மனைகள் எத்தனை, நாய்கள் எத்தனை.

டவுனை நிறைய பேர் நெரிசல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நெல்லையப்பர் கோயில் ரதவீதிகளுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் வளவு வீடு கிடைத்தால், வயதானவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு அதைப் போல ஒன்று அமையாது. ஒரு வாசலுக்குள் ஐந்தாறு வீடு, பிள்ளைகள் ரோட்டுக்குப் போகாமல் உள்ளேயே விளையாடும். நான் வேலைக்குப் போன நேரத்தில் அத்தைக்குத் தலைசுற்றல் வந்தபோது பக்கத்து வீட்டு அக்காதான் தார்சாவில் (முன்தாழ்வாரத்தில்) படுக்க வைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, எனக்கு போனும் போட்டாள். குறை என்னவென்றால் குளியலறையும் கழிப்பறையும் புறவாசலில் பொதுவாக இருக்கலாம், கார் உள்ளே வராது, ஆனித் தேரோட்டத்தின்போது வண்டியை எங்கோ விட்டுவிட்டு நடக்க வேண்டும். தேரோட்டத்தை நான் குறை என்று எழுத மாட்டேன்.

பேட்டை, சுத்தமல்லி, அபிஷேகப்பட்டிப் பக்கம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் சரிவரும். தாழையூத்து, சங்கர் நகர் பக்கம் கங்கைகொண்டான் வேலைக்காரர்களுக்கு, பிள்ளைகள் பள்ளியும் அந்தப் பக்கமே அமைந்தால் மட்டும்.

இன்னொன்று. மாநகராட்சி எல்லையின் ஓரத்தில் உள்ள நகர்களில் ஒரு தெரு மாநகராட்சி, அடுத்த தெரு ஊராட்சி என்று இருக்கும். குப்பை வண்டி எப்போது வரும், குடிநீர் யார் தருவார், தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது எல்லாம் அதைப் பொறுத்துத்தான். வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

3. தண்ணீர்: வாசல் வழியாக வருவது

இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றன. கொக்கிரகுளத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே வெள்ளம். வயதானவர்கள் உடனே 1992 நவம்பர் வெள்ளத்தைச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையில் 31 வருஷம். இடையில் கட்டிய வீடுகளுக்கும் அதில் குடிவந்தவர்களுக்கும் அந்த முதல் வெள்ளம் தெரியாது.

2024 கோடையில் என் தம்பி குடும்பத்துக்காக ஆற்றை ஒட்டிய தெரு ஒன்றில் வீடு பார்க்கப் போனேன். கீழ்வீடு, இரண்டு படுக்கையறை, நல்ல வெளிச்சம், வாடகையும் குறைவு. புரோக்கர் கதவைத் திறந்ததும் புதுப் பெயிண்ட் வாசம். ஹாலில் நின்று பார்த்தேன்: என் இடுப்பு உயரம் வரை சுவர் ஒரு நீலம், அதற்கு மேலே கொஞ்சம் வெளிறிய வேறொரு நீலம். தரையை ஒட்டிய பிளக் பாயிண்ட் எல்லாம் பளிச்சென்று புதுசு, மேலே சுவிட்ச் போர்டு மட்டும் மஞ்சள் ஏறிய பழசு. அடுக்களையில் மர அலமாரியின் கீழ்க் கதவு இரண்டும் ஊதிப்போய் மூட மாட்டேன் என்றன. வெளியே வந்து எதிர்வீட்டு ஆச்சியிடம், "மழைக்கு இங்க தண்ணி வருமா ஆச்சி?" என்று கேட்டேன். அவர் எழுந்து வந்து தன் வீட்டு வாசல் நிலையில் கையை வைத்துக் காட்டினார். "இந்தா, இம்புட்டு நின்னுச்சும்மா. நாங்க தட்டட்டிலதான் கெடந்தோம்." மொட்டை மாடியைத்தான் இங்கே தட்டட்டி என்போம். புரோக்கரிடம் சொன்னபோது, "அது எல்லாருக்கும் வந்ததுதான" என்றார். எல்லாருக்கும் வரவில்லை. தம்பிக்கு அந்த வீட்டை எடுக்கவில்லை.

ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரின் கீழ்ப்பகுதி, கதவு நிலையின் அடி, பிளக் பாயிண்ட், அலமாரியின் கீழ்த்தட்டு, இந்த நான்கையும் குனிந்து பாருங்கள். அப்புறம் தெருவில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது.

ஆறு ஒரு பக்கம், குளங்களும் கால்வாய்களும் இன்னொரு பக்கம். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் டவுன் நயினார்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளை வழியாக ஓடுகிறது. நம் புதிய பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம். குளம், பேரி, ஓடை, மடை என்று பெயரில் இருக்கும் தெருவில் வீடு பார்த்தால், அந்தக் குளம் நிறையும்போது மறுகால், அதாவது நிரம்பி வழியும் தண்ணீர், எந்தப் பக்கம் பாயும் என்று கேளுங்கள். ஆற்று வெள்ளம் 30 வருஷத்துக்கு ஒருமுறை வரலாம். மறுகால் தண்ணீர் நல்ல மழை பெய்யும் எந்த ஐப்பசியிலும் வரும். ஆற்றங்கரைப் பக்கம்தான் வேலை, வேறு வழியில்லை என்றால் மாடி வீடு எடுங்கள். பைக்கை ஏற்றி நிறுத்த உயரமான இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. தண்ணீர்: குழாய் வழியாக வருவது

தாமிரபரணி ஓடும் ஊர் என்பதால் எல்லா வீட்டிலும் ஆற்றுத் தண்ணீர் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. கேட்க வேண்டியவை: ஆற்றுத் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது, கீழே தொட்டி இருக்கிறதா, அந்தத் தொட்டியை எத்தனை குடும்பம் பங்கு போடுகிறது. விடியற்காலையில்தான் வரும் என்றால் யார் எழுந்து பிடிப்பது என்பதும் உங்கள் வீட்டுக் கணக்கில் சேர வேண்டும்.

போர் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். வீடு பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் குளியல் சோப்புத் துண்டைக் கைப்பையில் கொண்டு போங்கள். கையை நனைத்துத் தேய்த்தால் நுரை வராமல் வெள்ளைப் பிசுக்காகத் திரிந்தால் அது கடினத் தண்ணீர். குளியலறைக் குழாயின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும், டைல்ஸில் மங்கலான படலம் இருக்கும். முடி வறளும், பருப்பு சீக்கிரம் வேகாது, வாஷிங் மெஷினும் சீக்கிரம் பழுதாகும். மற்ற எல்லாம் பிடித்திருந்து இது ஒன்றுதான் குறை என்றால், குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர் உறுதியாக வருமா என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். கேன் தண்ணீரை நம்பிக் குடும்பம் நடத்துவது செலவு.

5. மூன்று தடவை போங்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு தடவை பார்த்து அட்வான்ஸ் கொடுப்பது பெரிய தவறு. அந்த நேரத்தில் எந்தத் தெருவும் அமைதிதான்.

ஒருநாள் காலை எட்டரை மணிக்குப் போங்கள், வீட்டிலிருந்து பள்ளி வரை வண்டியில் போய்ப் பாருங்கள். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மாதிரி ஒன்று வழியில் இருந்தால், கேட் மூடினால் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று அன்றைக்கே தெரியும். இன்னொரு நாள் இரவு ஒன்பது மணிக்கு. பக்கத்தில் டாஸ்மாக் கடையோ கல்யாண மண்டபமோ இருந்தால் அப்போதுதான் அதன் சத்தமும் கூட்டமும் தெரியும். மூன்றாவது, மழை பெய்து முடிந்த மறுநாள். முடியாவிட்டால் ஆனி, ஆடிக் காற்றுக் காலத்தில் போனால், புகை எந்தப் பக்கம் வரும் என்றாவது தெரியும். ராமையன்பட்டி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்துப் புகை சுற்றுவட்டாரத்துக்கே பரவியிருக்கிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் அந்தப் பக்கம் பார்க்கும்போது தெருவில் இருப்பவர்களிடம் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

6. பள்ளி

வீட்டை முடிவு செய்துவிட்டுப் பள்ளியில் இடம் தேடாதீர்கள். முதலில் இடம் உறுதியாகட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால், பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அதற்கு முகவரிச் சான்றும் வேண்டும். காது கேளாத அல்லது பார்வையற்ற குழந்தை உள்ள குடும்பம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பாளைதான். இரண்டு வகைக்கும் நூறு வருஷம் தாண்டிய பள்ளிகள் அங்கே இருக்கின்றன.

7. வீட்டுக்காரர்

கீழே வீட்டுக்காரர், மேலே நீங்கள் என்றால் நீங்கள் வாடகைக்கு எடுப்பது வீட்டோடு சேர்த்து அந்த உறவையும்தான். விருந்தாளி வரலாமா, இரவு பத்து மணிக்கு மேல் கேட் திறப்பார்களா, கறி, மீன் சமைக்கலாமா, பிள்ளைகள் தட்டட்டியில் விளையாடலாமா என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

"நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்வி இந்தப் பக்கம் இன்னும் வருகிறது. நேராகக் கேட்பார்கள், சில சமயம் ஊர் பெயரையும் தெருப் பெயரையும் கேட்டுச் சுற்றி வருவார்கள். அதற்குப் பதில் சொல்லி வீடு கிடைத்தாலும் அந்த வீட்டை எடுக்காதீர்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். நம் பிள்ளைகள் அந்த வாசலில்தான் வளரப் போகிறார்கள். வீட்டுக்கு யார் வருகிறார்கள், பிள்ளை யாரோடு விளையாடுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அடியில் எந்தப் பிள்ளையும் இயல்பாக வளராது. கேட்காதவர்களும் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாகத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

8. பணமும் தாளும்

வாடகை வீட்டுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஐந்து மாதம், பத்து மாதம் கேட்பவர்கள் உண்டு. இந்த விதியைச் சொல்லிப் பேசிக் குறைக்கலாம், நான் குறைத்திருக்கிறேன். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் தர வேண்டும். வாடகைத் தகராறு என்று சொல்லித் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் சட்டத்தில் இடமில்லை.

எங்கள் இரண்டாவது வீட்டில் காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று இரண்டு மாத அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். சுவர் நாங்கள் வரும்போதே அப்படித்தான் இருந்தது, ஆனால் காட்ட ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு அறையின் சுவர், தரை, குழாய், கதவு, மின் மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மின் மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியா என்று கேட்பது அவசியம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒரு இணைப்புக்குத்தான். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்றால் இலவசமும் பங்காகும், மொத்த யூனிட் ஏற ஏற இரண்டு பேரும் மேல்படிக் கட்டணத்துக்குப் போய்விடுவீர்கள்.

ஒத்திக்கு (போக்கியத்துக்கு) வீடு வருகிறது என்று ஆசைப்படுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மாத வாடகை இல்லை என்பது உண்மை, ஆனால் லட்சக்கணக்கில் ஒரே தவணையாகக் கொடுக்கிறீர்கள். வில்லங்கம் போட்டுப் பாருங்கள்; பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் உங்கள் பணம் அதற்குப் பின்னால்தான் நிற்கும். ஒத்தியைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யாமல், வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கவே கூடாது.

9. எப்போது மாறுவது

ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த மாதங்களில் காலி வீடு அப்படியே கிடக்கும். வீட்டுக்காரருக்கும் கவலை இருக்கும். ஆடியில் நிதானமாகச் சுற்றிப் பார்த்து, வாடகையைப் பேசி, ஒப்பந்தம் எழுதி, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சுங்கள். பள்ளிக்காக ஜூனுக்குள் மாறியே ஆக வேண்டும் என்றால் பங்குனியிலேயே தேடத் தொடங்குங்கள். வைகாசியில் வந்தால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

குடியேறிய வாரத்திலேயே சமையல் கேஸ், ரேஷன் கார்டு, ஆதார் மூன்றிலும் முகவரியை மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பால் காய்ச்சிய அன்றைக்கு, எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அடுத்து ஆற்றுத் தண்ணீர் என்றைக்கு வரும் என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.